டெர்மினலில் கம்பைல் ஆகிறது, எடிட்டரில் மட்டும் சிவப்புக் கோடு: இன்க்ளூட் பாதைகளைச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

புரோகிராம் டெர்மினலில் ஒழுங்காகக் கம்பைல் ஆகிறது, ஓடவும் செய்கிறது. ஆனால் விஎஸ் கோடைத் திறந்தால் முதல் வரியிலேயே ஐஓஸ்ட்ரீம் ஹெடருக்குக் கீழே சிவப்பு நெளிகோடு. எஸ்டிடி என்று அடித்து இரட்டை முக்காற்புள்ளி (::) வைத்தால் ஒரு பரிந்துரையும் வருவதில்லை. ஹெடர் ஃபைல்களை எந்தெந்த ஃபோல்டர்களில் தேடுவது என்ற பட்டியல்தான் இன்க்ளூட் பாதைகள், அது எடிட்டருக்குத் தெரியாததால் வரும் கோடு இது. இந்த நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இது. டெர்மினலிலேயே கம்பைல் ஆகவில்லை என்றால் அது வேறு சிக்கல், அதை முதலில் தீர்த்துவிட்டு வாருங்கள்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள் என்றால், இணையத்தில் தேடி, யாரோ ஒருவருடைய கணினியில் இருந்த பாதைகளை அப்படியே எடுத்து வந்து செட்டிங்ஸில் ஒட்டிவிடுகிறார்கள். கொஞ்ச நாள் வேலை செய்யும். கம்பைலரைப் புதுப்பித்ததும் பாதையில் இருக்கும் பதிப்பு எண் மாறிவிடும், கோடு திரும்ப வந்துவிடும். கம்பைலரின் சொந்தப் பாதைகளை நாம் கையால் எழுதவே கூடாது என்பது என் கட்சி. எந்தக் கம்பைலர் என்று மட்டும் எடிட்டருக்குச் சொன்னால் போதும், மீதியை அது கம்பைலரிடமே கேட்டுக்கொள்ளும். அந்தக் கேள்வியும் பதிலும் தடையில்லாமல் நடக்க ஏற்பாடு செய்வதுதான் கீழே உள்ள எல்லாப் படிகளும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் இங்கே உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து முக்கியமான இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வேலை செய்யும் ஒரு கம்பைலர், விஎஸ் கோட், அப்புறம் ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன். மைக்ரோசாஃப்டின் சி/சி++ எக்ஸ்டென்ஷன் அல்லது கிளாங்டி, இரண்டில் ஒன்று. இரண்டையும் போட்டுவைத்தால் ஒரே வரிக்கு இரண்டு பேரும் தனித்தனியாகப் பிழை காட்டுவார்கள், எந்தக் கோடு யாருடையது என்று தெரியாமல் தவறான செட்டிங்கை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். கிளாங்டியைப் போட்டதும் மற்றதன் இன்டெலிசென்ஸை (பரிந்துரையும் பிழைக்கோடும் காட்டும் பகுதி) அணைத்துவிடலாமா என்று அதுவே கேட்கும், சம்மதம் சொல்லிவிடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஒன்றிரண்டு ஃபைல் கொண்ட பயிற்சிப் புரோகிராம் என்றால் மைக்ரோசாஃப்டுடையது எளிது. சிமேக் வைத்துக் கட்டும் பெரிய புராஜெக்ட் என்றால் நான் கிளாங்டி பக்கம்.

ஃபைலை மட்டும் திறக்காதீர்கள், ஃபோல்டரைத் திறங்கள். நாம் எழுதப்போகும் செட்டிங்ஸ் அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் .விஎஸ்கோட் என்ற துணை ஃபோல்டரில்தான் உட்காரும். தனி ஃபைலைத் திறந்தால் அது படிக்கப்படாது.

விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) உள்ளே கம்பைலர் வைத்திருப்பவர்கள் விஎஸ் கோடையும் டபிள்யூஎஸ்எல் வழியாகவே திறக்க வேண்டும், எக்ஸ்டென்ஷனையும் அந்தப் பக்கத்தில் நிறுவ வேண்டும். விண்டோஸ் பக்கம் இருக்கும் எக்ஸ்டென்ஷனால் லினக்ஸ் கம்பைலரை இயக்கிக் கேட்க முடியாது.

2. எந்தக் கம்பைலர் ஓடுகிறது என்று பாருங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், பிறகு மாட்டிக்கொள்கிறவர்களும் அவர்கள்தான். லினக்ஸிலும் மேக்கிலும் "விச் ஜி++", விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் "வேர் ஜி++" என்று அடியுங்கள். பவர்ஷெல்லில் என்றால் "வேர்.இஎக்ஸ்இ ஜி++" என்று முழுதாக அடிக்க வேண்டும், வெறும் வேர் அங்கே வேறொரு கட்டளையின் சுருக்கப்பெயர்.

விண்டோஸில் இரண்டு மூன்று வரிகள் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எம்சிஸ்2 ஒன்று கொண்டுவந்திருக்கும், கோட்பிளாக்ஸ் தன்னுடன் ஒன்று வைத்திருக்கலாம், ஸ்ட்ராபெரி பேர்ல் நிறுவியிருந்தால் அதற்குள்ளும் ஒரு ஜிசிசி (ஜி++ அடங்கிய கம்பைலர் தொகுப்பு) உண்டு. முதலில் வரும் வரிதான் உங்கள் டெர்மினலில் ஓடுவது. அந்த முழுப் பாதையைக் குறித்துக்கொள்ளுங்கள். எம்சிஸ்2-வின் யூசிஆர்டி சூழலில் நிறுவியிருந்தால் அது சி டிரைவில் எம்சிஸ்64, அதற்குள் யூசிஆர்டி64, அதற்குள் பின் என்ற ஃபோல்டரில் இருக்கும்.

பாத் மாறியை (கட்டளைகளை எந்த ஃபோல்டர்களில் தேடுவது என்று சொல்லும் சூழல் மாறி) இப்போதுதான் மாற்றினீர்கள் என்றால் விஎஸ் கோடின் எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டுத் திறங்கள். ஒரு புரோகிராம் தொடங்கும்போது இருந்த சூழல் மாறிகளையே கடைசிவரை வைத்துக்கொள்ளும், நடுவில் மாற்றியது அதற்குத் தெரியாது.

3. கம்பைலரிடமே பட்டியலைக் கேளுங்கள்

காலி.சிபிபி என்று ஒன்றுமே எழுதாத ஒரு ஃபைலை உருவாக்கி, இப்படி அடியுங்கள்:

ஜி++ -வி -ஈ காலி.சிபிபி

வி சின்ன எழுத்து, ஈ பெரிய எழுத்து. ஈ என்றால் பிரீபிராசசிங்கோடு (ஹெடர்களை உள்ளே இழுக்கும் முதல் கட்டம்) நிறுத்து என்று அர்த்தம், வி என்றால் என்ன செய்கிறாய் என்று விவரமாகச் சொல். பல குறிப்புகளில் காலி ஃபைலுக்குப் பதில் டெவ் நல் வைத்து, இடப்பக்க அம்புக்குறி போட்டு எழுதியிருப்பார்கள். பவர்ஷெல் அந்த அம்புக்குறியை ஏற்காது, பிழை சொல்லும். காலி ஃபைல் எல்லா இடத்திலும் வேலை செய்யும், அதனால்தான் அதைச் சொல்கிறேன்.

நிறைய வரிகள் ஓடும். அதில் கூர்முனை அடைப்புக்குள் மூன்று புள்ளி வைத்து, "சர்ச் ஸ்டார்ட்ஸ் ஹியர்" என்று ஒரு வரி வரும். அங்கிருந்து "எண்ட் ஆஃப் சர்ச் லிஸ்ட்" வரை இருப்பதுதான் நமக்கு வேண்டியது. உபுண்டு 24.04-இல் அதன் இயல்பான ஜிசிசி 13 வைத்திருந்தால் சுமாராக இப்படி இருக்கும்:

/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/சி++/13
/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யு/சி++/13
/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/சி++/13/பேக்வர்ட்
/யூஎஸ்ஆர்/லிப்/ஜிசிசி/எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யு/13/இன்க்ளூட்
/யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட்
/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யு
/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்

முதல் மூன்றும் சி++ நூலகம். ஐஓஸ்ட்ரீம், வெக்டர் எல்லாம் அங்கே. நான்காவது கம்பைலரின் சொந்த ஹெடர்கள், எஸ்டிடிடெஃப், எஸ்டிடிஆர்க் போன்றவை. கடைசியில் இருப்பது சி நூலகத்தின் இடம். காலி ஃபைலுக்கு .சி என்று பெயர் வைத்து ஜிசிசி கொண்டு கேட்டால் முதல் மூன்று வரிகள் வராது.

இந்த வரிசை தற்செயலானது இல்லை. சி++ நூலகத்தின் சிஎஸ்டிடிலிப் ஹெடர், "இன்க்ளூட்_நெக்ஸ்ட்" என்ற கட்டளையால் சி நூலகத்தின் எஸ்டிடிலிப்பைத் தேடுகிறது. அதாவது, "நான் இருக்கும் இடத்துக்குப் பிறகு பட்டியலில் வரும் இடங்களில் மட்டும் தேடு" என்கிறது. யாராவது -ஐசிஸ்டம் போட்டு /யூஎஸ்ஆர்/இன்க்ளூடை முன்னால் இழுத்துவிட்டால், சிஎஸ்டிடிலிப்புக்குப் பிறகு வரும் இடங்களில் அது இருக்காது, எஸ்டிடிலிப்பையே காணோம் என்று கம்பைலர் கை விரித்துவிடும். ஃபைல் கண்ணெதிரே டிஸ்கில் இருக்கும், கம்பைலர் இல்லை என்கும். பாதைகளைக் கையால் எழுதாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவே பெரிய காரணம்: பாதை சரியாக இருந்தும் வரிசை தப்பினால் போயிற்று.

இரண்டு சின்ன விஷயங்கள். "இக்னோரிங் நான்எக்சிஸ்டன்ட் டைரக்டரி" என்று சில வரிகள் வரும், பயப்படாதீர்கள், அந்த ஃபோல்டர் இல்லாததால் விட்டுவிட்டேன் என்கிறது, அவ்வளவுதான். இன்னொன்று, இந்தப் பட்டியல் ஸ்டாண்டர்ட் எரர் வழியாக வருகிறது. கிரெப்புக்கு அனுப்பி வடிகட்ட நினைத்தால் 2>&1 சேர்க்க வேண்டும், இல்லையென்றால் வடிகட்டாமல் முழுதும் திரையில் கொட்டும்.

இந்தப் பட்டியலை எங்காவது எடுத்து வையுங்கள். எடிட்டரில் ஒட்டுவதற்கு இல்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

4. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்டென்ஷனுக்குக் கம்பைலரைக் காட்டுங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (P) அழுத்தி, "சி/சி++: எடிட் கான்ஃபிகரேஷன்ஸ் (யூஐ)" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் கம்பைலர் பாத் என்ற இடத்தில் இரண்டாவது படியில் குறித்த முழுப் பாதையை இடுங்கள். சேமித்ததும் .விஎஸ்கோட் ஃபோல்டரில் சி_சிபிபி_பிராப்பர்டீஸ்.ஜேசன் என்ற ஃபைல் உருவாகும். மூன்றாவது படியில் நீங்கள் கேட்ட அதே கேள்வியை இனிமேல் எக்ஸ்டென்ஷன் கேட்கும்: பாதைகளோடு கம்பைலர் தானாக வரையறுக்கும் மேக்ரோக்களையும் வாங்கிக்கொள்ளும். பாதைகளை மட்டும் ஒட்டினால் கிடைக்காதது அந்த மேக்ரோக்கள்தான்.

ஃபைலை நேரடியாகத் திருத்துகிற விண்டோஸ்காரர்கள் கவனிக்க: ஜேசனில் பின்சாய்வுக்கோட்டை இரட்டிப்பாக எழுத வேண்டும். அல்லது முன்சாய்வுக்கோடு போட்டுவிடுங்கள், அதுவும் வேலை செய்கிறது, கண்ணுக்கும் நல்லது.

இன்டெலிசென்ஸ் மோட் என்ற இடத்தில் கம்பைலருக்குப் பொருந்தும் மதிப்பு இருக்க வேண்டும். லினக்ஸில் லினக்ஸ்-ஜிசிசி-எக்ஸ்64, விண்டோஸ் மிங்டபிள்யூ (விண்டோஸுக்கான ஜிசிசி) என்றால் விண்டோஸ்-ஜிசிசி-எக்ஸ்64. விண்டோஸில் எம்எஸ்விசி (மைக்ரோசாஃப்டின் சொந்தக் கம்பைலர்) என்று கிடந்தால் ஜிசிசி ஹெடர்களை எம்எஸ்விசி கண்ணோடு படித்து, நூலகத்துக்குள்ளேயே பிழை காட்டும்.

இன்க்ளூட் பாத் என்ற பட்டியலில் உங்கள் புராஜெக்டின் சொந்த ஃபோல்டர்கள் மட்டும் போதும். வொர்க்ஸ்பேஸ்ஃபோல்டருக்குப் பின்னால் இரண்டு நட்சத்திரம் போட்ட ஒரு வரி இயல்பாகவே அங்கே இருக்கும், எல்லாத் துணை ஃபோல்டரிலும் தேடு என்று அர்த்தம். சின்னப் புராஜெக்டுக்குப் பரவாயில்லை. கான்ஃபிக்.எச் என்ற பெயரில் நாலு இடத்தில் நாலு ஃபைல் இருக்கும் புராஜெக்டில் அது எதையாவது ஒன்றை எடுத்துக்கொள்ளும். அங்கே ஃபோல்டர்களைத் தனித்தனியாக எழுதுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று: கம்பைலர் பாத்தைக் காலி மேற்கோள்குறியாக விட்டால் "நீயே தேடிக்கொள்" என்று பொருள் என நினைக்கிறார்கள். இல்லை, "எந்தக் கம்பைலரிடமும் கேட்காதே" என்று பொருள். தானாகத் தேட வேண்டுமானால் அந்த வரியையே நீக்க வேண்டும்.

இன்னொன்று: கான்ஃபிகரேஷன் புரொவைடர் என்ற வரி இருந்து, அதில் சிமேக் டூல்ஸ் பெயர் இருந்தால், நீங்கள் இங்கே எழுதும் பாதைகளுக்கு மேலாக அது தருவதுதான் செல்லும். அப்படியென்றால் இந்த ஃபைலோடு மல்லுக்கட்டாமல் சிமேக் டூல்ஸில் சரியான கிட்டைத் தேர்ந்தெடுங்கள்.

5. உண்மையிலேயே எடுத்துக்கொண்டதா என்று சோதியுங்கள்

சிவப்புக் கோடு போனதும் வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடாதீர்கள். வேறு ஏதோ கம்பைலரின் ஹெடர்களைப் பிடித்துக்கொண்டும் கோடு மறையலாம். ஹெடர் பெயர் மேல் கர்சரை வைத்து எஃப்12 அழுத்துங்கள். திறக்கும் ஃபைலின் முழுப் பாதை மூன்றாவது படியின் பட்டியலில் உள்ள ஃபோல்டரில் இருக்கிறதா? இருந்தால் சரி.

இல்லையென்றால் அந்தச் சிபிபி ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டே கட்டளைப் பட்டியலில் "சி/சி++: லாக் டயக்னாஸ்டிக்ஸ்" கொடுங்கள். எந்தக் கம்பைலர், எந்தப் பாதைகள், எந்த மோட் என்று எல்லாவற்றையும் அவுட்புட் பகுதியில் கொட்டிவிடும். கேள்வி கேட்டு உதவி தேடுகிறவர்கள் ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பதில் இந்த உரையைக் கொடுத்தால் பதில் சீக்கிரம் கிடைக்கும். பாதைகள் எல்லாம் சரி, கோடு மட்டும் போகவில்லை என்றால் "ரீசெட் இன்டெலிசென்ஸ் டேட்டாபேஸ்" ஒரு முறை கொடுத்துப் பாருங்கள்.

6. கிளாங்டி வைத்திருந்தால் கதை வேறு

கிளாங்டி கிளாங் என்ற கம்பைலரிலிருந்து கட்டியது. உங்கள் ஃபைலை அது தன் சொந்தக் கண்ணால் படிக்கிறது. உங்கள் கம்பைலர் ஜிசிசியாக, அதுவும் வழக்கமில்லாத இடத்தில் இருந்தால், அதனிடம் கேட்க கிளாங்டிக்கு இரண்டு விஷயங்கள் வேண்டும்: எந்தக் கட்டளையால் கம்பைல் செய்கிறீர்கள் என்ற தகவலும், அந்தக் கம்பைலரை இயக்க அனுமதியும்.

முதலாவது கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசன். சிமேக்கில், சிமேக்_எக்ஸ்போர்ட்_கம்பைல்_கமாண்ட்ஸ் என்ற மாறியை ஆன் செய்தால் பில்ட் ஃபோல்டரில் உருவாகும், பெயர் முழுவதும் பெரிய எழுத்து. மேக்ஃபைல், நிஞ்சா இரண்டுக்கும்தான் இது செல்லும். விஷுவல் ஸ்டூடியோ ஜெனரேட்டரில் மாறியை வைத்தாலும் ஒன்றும் நடக்காது, பிழைகூடச் சொல்லாது. வெறும் மேக்ஃபைல் என்றால் பேர் (Bear) என்ற கருவி உண்டு: முதலில் மேக் கிளீன், அப்புறம் "பேர் -- மேக்". கிளீன் செய்யாமல் ஓட்டினால் மேக் மாறிய ஃபைல்களை மட்டும் கம்பைல் செய்யும், பேர் பார்ப்பதும் அவ்வளவுதான், பட்டியல் காலியாகவோ அரைகுறையாகவோ வரும்.

கிளாங்டி இந்த ஃபைலை உங்கள் சோர்ஸ் ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலிருந்து மேலே மேலே போய்த் தேடும், ஒவ்வொரு படியிலும் பில்ட் என்ற துணை ஃபோல்டரையும் பார்க்கும். அவுட் என்றோ டீபக் என்றோ பெயர் வைத்திருந்தால் அதற்குத் தெரியாது, புராஜெக்டின் மேல் ஃபோல்டரில் ஒரு சிம்லிங்க் போடுங்கள்.

இரண்டாவது, அனுமதி. விஎஸ் கோட் செட்டிங்ஸில் கிளாங்டி ஆர்கியுமென்ட்ஸ் பட்டியலில் "--குவரி-டிரைவர்=" என்று எழுதி, கம்பைலரின் முழுப் பாதையைச் சேர்க்க வேண்டும். நட்சத்திரக்குறி போடலாம், பல பாதைகளைக் கமாவால் பிரிக்கலாம். ஏன் இந்தக் கெடுபிடி? கம்பைல்_கமாண்ட்ஸ் ஃபைலில் கம்பைலர் என்று எழுதியிருக்கும் எதையும் கேட்காமல் இயக்கினால், முன்பின் தெரியாதவர் கொடுத்த புராஜெக்டைத் திறந்து பார்த்ததற்கே அவர் வைத்த புரோகிராம் உங்கள் கணினியில் ஓடிவிடும். அதனால் எல்லாவற்றையும் அனுமதிக்கும் வெறும் நட்சத்திரங்களைப் போடாதீர்கள், கம்பைலர் இருக்கும் ஃபோல்டரை மட்டும் சொல்லுங்கள்.

செட்டிங்கை மாற்றியதும் கிளாங்டியை மறுதொடக்கம் செய்து, அவுட்புட் பகுதியில் கிளாங்டி லாகைப் பாருங்கள். "சிஸ்டம் இன்க்ளூட்ஸ் எக்ஸ்ட்ராக்டர்: சக்சஸ்ஃபுலி எக்சிக்யூட்டட்" என்ற வரி வந்திருந்தால் கேட்டுவிட்டது.

உபுண்டு 22.04-இல் ஒரு விசித்திரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் இயல்பான ஜிசிசி 11. ஏதோ ஒரு பேக்கேஜைச் சார்ந்து ஜிசிசி 12-இன் ஃபோல்டர் மட்டும் வந்து உட்கார்ந்திருக்கும், அதன் சி++ ஹெடர்கள் வந்திருக்காது. கிளாங் எப்போதும் இருப்பதில் புதிய ஜிசிசியைத் தேடிப் பிடிக்கும், 12-ஐப் பிடித்து, அங்கே ஐஓஸ்ட்ரீம் இல்லாமல் விழிக்கும். "கிளாங்++ -வி" அடித்தால் "செலக்டட் ஜிசிசி இன்ஸ்டாலேஷன்" என்ற வரியில் எதைப் பிடித்தது என்று தெரியும். லிப்எஸ்டிடிசி++-12-டெவ் பேக்கேஜை நிறுவினால் தீர்ந்தது. ஜி++ ஒழுங்காக ஓடும், கிளாங்டியில் மட்டும் கோடு இருக்கும் என்பதால், இதைத் தெரியாமல் எடிட்டர் செட்டிங்ஸையே கிண்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

7. போர்டுகளுக்கான கிராஸ் கம்பைலர்

ஏஆர்எம் மைக்ரோகன்ட்ரோலருக்கு எழுதுகிறவர்கள் ஏஆர்எம்-நன்-இஏபிஐ-ஜி++ கம்பைலரின் பாதையைத்தான் கொடுக்க வேண்டும், கணினியின் ஜி++ பாதையை இல்லை. அதைக் கொடுத்தால் கோடு மறையும், ஆனால் எடிட்டர் பார்ப்பது லினக்ஸின் ஹெடர்களை. பாயின்டரின் அளவே 64 பிட் என்று காட்டும்.

பாதை மட்டும் கொடுத்தால் பாதி வேலைதான். -எம்சிபியு, -எம்தம்ப் போன்ற ஆப்ஷன்களைப் பொறுத்து இந்தக் கம்பைலரின் சி++ பாதைகளில் ஒன்று மாறும், மேக்ரோக்களும் மாறும். மூன்றாவது படியின் கட்டளையை அந்த ஆப்ஷன்களோடும் இல்லாமலும் ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்டென்ஷனில் கம்பைலர் ஆர்க்ஸ் என்ற பட்டியலில் இவற்றை எழுதுங்கள். கிளாங்டிக்குத் தனியாக எழுத வேண்டாம், கம்பைல்_கமாண்ட்ஸ் ஃபைலிலேயே வந்துவிடும்.

8. எம்எஸ்விசி, மேக்

எம்எஸ்விசியின் சிஎல் கம்பைலர் தன் பாதைகளை இன்க்ளூட் என்ற சூழல் மாறியிலிருந்து எடுக்கிறது. அந்த மாறி டெவலப்பர் கமாண்ட் பிராம்ப்ட்டில் மட்டும் இருக்கும். சிஎல் பாதையைக் கொடுத்தும் எடிட்டர் அடம்பிடித்தால், அந்தப் பிராம்ப்ட்டில் புராஜெக்ட் ஃபோல்டருக்குப் போய் "கோட் ." என்று அடித்து விஎஸ் கோடைத் திறங்கள், மாறிகள் கூடவே வரும்.

மேக்கில் 10.14 முதல் /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் ஃபோல்டர் இயல்பாக இருப்பதில்லை. ஹெடர்கள் எஸ்டிகேவுக்குள் போய்விட்டன. "எக்ஸ்சிரன் --ஷோ-எஸ்டிகே-பாத்" எங்கே என்று சொல்லும். பழைய குறிப்புகளைப் பார்த்து அந்த ஃபோல்டரை எழுதிப் பயனில்லை.

9. இவ்வளவுக்குப் பிறகும் கோடு இருந்தால்

முதலில் சூழல் மாறிகளைச் சந்தேகப்படுங்கள். சிபாத், சிபிளஸ்_இன்க்ளூட்_பாத் போன்றவற்றைப் பாஷ்ஆர்சி ஃபைலில் வைத்திருந்தால் டெர்மினலில் ஓடும் ஜிசிசி அவற்றைப் பார்க்கும், டெஸ்க்டாப் ஐகானைச் சொடுக்கித் திறந்த விஎஸ் கோடுக்கு அவை கிடைக்காமல் போகலாம். சோதிப்பது சுலபம்: டெர்மினலிலிருந்து "கோட் ." என்று திறந்து பாருங்கள். கோடு போய்விட்டால் காரணம் அதுவே.

அடுத்து, விஎஸ் கோடை எப்படி நிறுவினீர்கள் என்று பாருங்கள். ஃபிளாட்பேக் வழியாக என்றால் அது தன் கூண்டுக்குள் ஓடுகிறது, அது பார்க்கும் /யூஎஸ்ஆர் உங்கள் கணினியின் /யூஎஸ்ஆர் இல்லை. டெப் பேக்கேஜுக்கு மாறிவிடுவதுதான் குறைந்த தலைவலி.

குழுவாக வேலை செய்கிறீர்கள் என்றால், சி_சிபிபி_பிராப்பர்டீஸ் ஃபைலைக் கிட்டில் (Git, குழுவின் பொதுக் கோடு இருக்கும் இடம்) சேர்ப்பதற்கு முன் யோசியுங்கள். அதில் உங்கள் கணினியின் கம்பைலர் பாதை இருக்கிறது, அடுத்தவர் இழுத்ததும் அவருக்குச் சிவப்புக் கோடு வரும். கம்பைலர் பாதையைப் பயனர் செட்டிங்ஸில், சி_சிபிபி.டிஃபால்ட்.கம்பைலர்பாத் என்ற பெயரில் ஒவ்வொருவரும் வைத்துக்கொண்டு, பொது ஃபைலில் அந்த வரியை நீக்கிவிட்டு, புராஜெக்ட் ஃபோல்டர்களை மட்டும் விட்டுவைக்கலாம்.